‘கினு’ தெரிந்தால் ஸ்பானிஷ் நடக்கும்: வேகம், நடை பற்றிய ஆங்கிலச் சொற்களை ஸ்பானிஷில் சொல்ல முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்பெயின்காரர் ஒருவருக்கு ஸ்பானிஷில் ஒரு மெயில் எழுதினேன். சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: ‘சாம்பிள்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன்.’ சீக்கிரம் என்றால் ஆங்கிலத்தில் ஏர்லி, ஏர்லி என்றால் ஸ்பானிஷில் ‘தெம்ப்ரானோ’. அகராதி அப்படித்தான் சொன்னது. அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘எத்தனை மணிக்கு?’ காலையிலேயே அனுப்பப் போகிறேன் என்று மனிதர் புரிந்துகொண்டிருக்கிறார். சாம்பிளுக்கு அப்போது சோலே ஒட்டியிருக்கவில்லை.

தப்பு அகராதியில் இல்லை. தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்பானிஷுக்குப் போனேன் பாருங்கள், அந்தச் சுற்றுவழியில்தான் இருந்தது. பல இடங்களில் தமிழிலிருந்து நேராகவே ஸ்பானிஷுக்குப் போய்விடலாம். அதிலும் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டில் பேசி வளர்ந்தவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சாவி இருக்கிறது: ‘கொண்டு’ என்பதைப் பேச்சில் ‘கினு’ என்போமே, அதுதான். அது நான்காம் படியில் வரும். காலேஜில் ஸ்பானிஷ் எடுத்தவர்களும், ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளில் வெளிநாட்டு மெயிலோடு மல்லுக்கட்டுகிறவர்களும் அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாக்கைப் பழக்குவது

இதற்கு அதிக நேரம் வேண்டாம். ஸ்பானிஷ் உச்சரிப்பு தமிழ் நாக்குக்கு ஆங்கிலத்தைவிட எளிது. ‘காதல்’ என்பதில் வரும் மென்மையான த, சொல்லின் நடுவே வரும் ஸ்பானிஷ் ‘டி’ எழுத்தின் ஒலிக்குக் கிட்டத்தட்ட சமம். ‘வேகம்’ என்பதில் க எப்படி இளகி ஒலிக்கிறதோ, அதுபோல ஸ்பானிஷிலும் சொல்லின் நடுவே ‘ஜி’ இளகும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். சொல்லின் நடுவே அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் எழுத்தை இரட்டித்திருப்பேன். ‘ராப்பிதோ’ என்று எழுதினால் ப அழுத்தம், த மென்மை.

‘வி’ எழுத்தை ஸ்பானிஷ்காரர்கள் வ என்று சொல்வதில்லை. ‘பஸ்’ என்பதில் வரும் ப போலச் சொல்வார்கள். எனவே வேகத்துக்கான சொல் எழுத்தில் வெலோசிதாத் போல இருந்தாலும் வாயில் ‘பெலோஸிதாத்’. ‘ஜே’ எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஹ. ‘எச்’ எழுத்துக்கு ஒலியே இல்லை. இரண்டு ‘எல்’ சேர்ந்தால் ய. இரண்டு ‘ஆர்’ சேர்ந்தால் நாக்கு மோட்டார் மாதிரி உருள வேண்டும். ‘காரோ’ என்றால் விலை அதிகம், ‘கார்ரோ’ என்றால் லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் கார். ர, ற இரண்டையும் நாம் ஒரே மாதிரி சொல்லிப் பழகிவிட்டோம் என்பதால் இந்த ஒன்றுக்கு மட்டும் தனிப் பயிற்சி தேவை.

இரண்டாம் படி: ‘சீக்கிர’த்தை மூன்றாக உடைப்பது

நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘சீக்கிரம்’ சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சீக்கிரம் எழுந்தேன். சீக்கிரம் வந்துடுவான். சீக்கிரம் முடி. மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் ஏர்லி, சூன், குயிக்லி என்று மூன்று. ஸ்பானிஷிலும் மூன்று: தெம்ப்ரானோ, ப்ரோன்த்தோ, ராப்பிதோ.

எதைப் போடுவது என்று குழம்பினால், அந்த வாக்கியத்தில் ‘சீக்கிரம்’ இருக்கும் இடத்தில் வேறொரு தமிழ்ச் சொல்லைப் பொருத்திப் பாருங்கள். ‘நேரத்தோடு’ பொருந்தினால் தெம்ப்ரானோ. ‘இன்னும் கொஞ்ச நாளில்’ அல்லது ‘கொஞ்ச நேரத்தில்’ பொருந்தினால் ப்ரோன்த்தோ. ‘வேகமாக’ பொருந்தினால் ராப்பிதோ. என் சாம்பிள் மெயிலுக்கு ப்ரோன்த்தோ போட்டிருக்க வேண்டும். (ஸ்பெயினில் ‘நேரத்தோடு எழுந்தேன்’ என்பதற்கும் ப்ரோன்த்தோ சொல்வதுண்டு. ஆனால் தெம்ப்ரானோ சொன்னால் எந்த நாட்டிலும் தப்பில்லை.)

அடுத்தது ஃபாஸ்ட், குயிக். ஆங்கிலத்தில் ஓடுகிற வேகம் அதிகமானால் ஃபாஸ்ட், ஆகிற நேரம் குறைவானால் குயிக். ஃபாஸ்ட் கார் உண்டு, குயிக் கார் என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. குயிக் ஷவர் உண்டு, ஃபாஸ்ட் ஷவர் இல்லை. ஸ்பானிஷில் இந்தத் தலைவலியே இல்லை, இரண்டுக்கும் ராப்பிதோ. ஸ்விஃப்ட் என்று ஆங்கிலம் கொஞ்சம் அலங்காரமாகச் சொல்லும் இடத்தில் ‘பெலோஸ்’ வரும். பேச்சில் அதை அதிகம் கேட்கமாட்டீர்கள்.

ராப்பிதோவில் ஒரு கண்ணி உண்டு. பெயருக்கு அடைமொழியாக வந்தால் அது பெயரோடு மாறும்: ரயில் ஆண்பால், அதனால் ‘உன் த்ரென் ராப்பிதோ’, மோட்டார் சைக்கிள் பெண்பால், அதனால் ‘ஊனா மோத்தோ ராப்பிதா’. வினையோடு வந்தால் மாறவே மாறாது. அவள் வேகமாக ஓடுகிறாள் என்பது ‘எயா கொர்ரே ராப்பிதோ’தான். ‘அழகான’ வேறு, ‘அழகாக’ வேறு என்று தமிழில் பிரித்துச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

மெதுவுக்கு வந்தால் அந்த ‘ஆன’, ‘ஆக’ வித்தியாசம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மெதுவான பஸ் என்றால் ‘லென்த்தோ’. மெதுவாகப் பேசுங்கள் என்றால் ‘தெஸ்பாஸியோ’. ஆங்கிலத்தின் ஸ்லோ மட்டும் மனதில் இருந்தால் ‘தெஸ்பாஸியோ பஸ்’ என்று சொல்லிவிடுவீர்கள். அப்படி ஒரு பஸ் ஸ்பானிஷில் கிடையாது. புதிதாகக் கற்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய முதல் வாக்கியமே இதுதான்: ‘மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபாபோர்.’ இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள், தயவுசெய்து. ஸ்பெயின்காரர் போனில் பேசுகிற வேகத்துக்கு இது இல்லாமல் முடியாது.

அவசரம் வந்தால் தமிழே உதவும். நாம் ‘எனக்கு அவசரம்’ என்போம், அவர்கள் ‘என்னிடம் அவசரம் இருக்கிறது’ என்பார்கள்: ‘தெங்கோ ப்ரீஸா’. ‘சீக்கிரம் ஆகட்டும்’ என்று ஒருவரை விரட்ட ஸ்பெயினில் ‘தாத்தே ப்ரீஸா’, மெக்சிகோ போன்ற நாடுகளில் ‘அப்பூராத்தே’. ‘பதறிய காரியம் சிதறும்’ என்று நம் பாட்டிகள் சொல்வதை அவர்கள் ஒரு சின்னக் காட்சியாகவே வைத்திருக்கிறார்கள்: ‘எனக்கு மெதுவாக உடுத்திவிடு, அவசரமாகப் போகணும்.’

ஒரு கிளைக்கதை. ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்றால் நோன்பு, விரதம் என்றும் பொருள். அதற்கு ஸ்பானிஷில் ‘அயூனோ’. நோன்பை முறிப்பது ஆங்கிலத்தில் பிரேக்ஃபாஸ்ட்; ஸ்பானிஷில் ‘தெஸயூனோ’. இரண்டு மொழியும் காலை டிபனுக்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. நமக்கு இட்லி வந்தால் சரி.

மூன்றாம் படி: நடக்க மூன்று வினை

வாக் என்ற ஒரு சொல்லுக்கு ஸ்பானிஷில் மூன்று கதவு. ‘கமினார்’, ‘அந்தார்’, ‘பஸேயார்’.

கமினார் எங்கும் செல்லும். கமினோ என்றால் பாதை, அதிலிருந்து வந்த வினை. ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா கோயிலுக்கு யாத்திரிகர்கள் நடந்து போகும் வழிக்கே கமினோ என்றுதான் பெயர். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் ‘புவென் கமினோ’ என்று வாழ்த்திக்கொள்வார்கள், நல்ல வழி அமையட்டும் என்று. கடைசி 100 கிலோமீட்டராவது நடந்து வந்தவர்களுக்கு அங்கே ஒரு சான்றிதழும் தருகிறார்கள். நம் பக்கம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது, வழியில் சுக்குக் காபி கிடைக்கும். வெறுங்காலோடு நடப்பதற்கு ஸ்பானிஷில் ‘தெஸ்கால்ஸோ’. காலணிக்கு ‘கால்ஸாதோ’, முன்னால் தெஸ் சேர்ந்தால் அது இல்லாமல் என்று பொருள். அந்த தெஸ் தெஸயூனோவிலும் இருந்தது, கவனித்தீர்களா?

காலணி என்றதும் இன்னொன்று. ஷூவுக்கு ஸ்பானிஷில் ‘ஸப்பாத்தோ’. இலங்கைத் தமிழர்கள் ஷூவைச் ‘சப்பாத்து’ என்பார்கள். அது போர்த்துகீசியம் வழியாக வந்த சொல், இரண்டும் அக்கா தங்கை. மேஜையும் அப்படித்தான், ஸ்பானிஷில் ‘மேஸா’. லேபிள் எழுதுகிறவர்களுக்காக: வாக்கிங் ஷூ என்றால் ‘ஸப்பாத்தோஸ் பாரா கமினார்’, ஓடுவதற்கான ஷூ என்றால் ‘ஸப்பாத்தீயாஸ் பாரா கொர்ரேர்’. வாக்கிங் ஷூவை ‘நடக்கும் ஷூ’ என்ற பொருளில் மொழிபெயர்த்துவிடாதீர்கள். நான் செய்திருக்கிறேன். ஷூ தானே நடந்து போகிற மாதிரி ஆகிவிடும்.

அந்தார், நம் ‘நட’ மாதிரி பரந்த சொல். ஸ்பெயினில் காலால் நடப்பதற்கே இதைத்தான் அதிகம் சொல்வார்கள். அதைத் தாண்டியும் போகும். ‘கடை எப்படி நடக்குது?’ என்று நாம் கேட்பதை ஆங்கிலத்தில் வாக் வைத்துக் கேட்க முடியுமா? ஸ்பானிஷில் முடியும்: ‘கோமோ அந்தா எல் நெகோஸியோ?’ கடை எப்படி நடக்கிறது, அப்படியே. ‘கோமோ அந்தாஸ்?’ என்றால் எப்படி இருக்கே, எப்படிப் போகுது என்று நலம் விசாரிப்பது. ஆனால் கல்யாணம் நடந்தது, கூட்டம் நடந்தது என்பதற்கெல்லாம் அந்தார் வராது. இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இதன் இறந்தகாலம் கோணலானது. ‘நான் நடந்தேன்’ என்பது ‘அந்தே’ இல்லை, ‘அந்தூபே’. ஸ்பானிஷ் தாய்மொழிக்காரர்களே சிலர் இதில் தடுக்கி விழுவார்கள். பயமாக இருந்தால் கமினார் பக்கம் ஒதுங்கிவிடுங்கள்; ‘கமினே’ என்று ஒழுங்காக முடியும்.

பஸேயார் என்பது உலாத்துவது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரோல், ஆம்பிள், சாண்டர் என்று மூன்று நான்கு சொல் இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் இது போதும். பேச்சில் ‘தார் உன் பஸேயோ’ என்பார்கள். நாம் ‘காலாற ஒரு நடை போயிட்டு வரலாம்’ என்கிறோமே, அந்த ‘ஒரு நடை’தான் ‘உன் பஸேயோ’. ஆனால் டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி, காதில் மப்ளரோடு வேகுவேகென்று போகிற வாக்கிங் பஸேயோவில் சேராது. அது கமினார்தான்.

நான்காம் படி: கினு

இப்போது அந்தச் சாவி. எங்கள் பிரிவில் ஒரு தம்பி இருந்தான். ஆங்கிலம் நன்றாக வரும், போனில் மொழிபெயர்ப்புச் செயலி வேறு வைத்திருந்தான். பயிற்சிக்காக நான் ஒரு வாக்கியம் கொடுத்தேன்: ஹி லிம்ப்டு இன்டு த ஹவுஸ். அவன் எழுதியது ‘கொஹேயோ என் லா காஸா’. ஒரு ஸ்பானிஷ்காரர் அதைப் படித்தால், அவன் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருக்கிறான், அங்கேயே நொண்டிக்கொண்டிருந்தான் என்று புரிந்துகொள்வார். உள்ளே வந்த செய்தி காணாமல் போய்விட்டது.

“சரி, இதை உங்க வீட்ல எப்படிச் சொல்வே?” என்று கேட்டேன்.

“நொண்டிக்கினே வூட்டுக்குள்ள வந்தான்னு சொல்வோம் அண்ணா.”

“அதையே எழுது. வந்தான்றதுக்குப் பதிலா நுழைஞ்சான்னு வெச்சுக்க. முதல்ல நுழைஞ்சான், அப்புறம் நொண்டிக்கினு.”

அவன் எழுதினான்: ‘என்த்ரோ என் லா காஸா கொஹேயாந்தோ.’ நூற்றுக்கு நூறு சரி.

நடந்தது என்னவென்றால், ஆங்கிலம் எப்படி நடந்தான் என்பதை வினையிலேயே ஏற்றிவிட்டு (லிம்ப்), எந்தப் பக்கம் போனான் என்பதை ஒரு சின்னச் சொல்லில் (இன்டு) தொங்கவிடுகிறது. தமிழும் ஸ்பானிஷும் தலைகீழ். நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கடந்து போ என்று திசைக்குத்தான் முக்கிய வினை. எப்படி என்பது கூடவே எச்சமாக வரும். அமெரிக்க மொழியியலாளர் லியனார்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். ஸ்பானிஷும் தமிழும் ஒரே அணியில், ஆங்கிலம் எதிரணியில். அவர் பெயரெல்லாம் தெரியாமலேயே வட ஆற்காட்டில் ‘நடந்துகினு, ஓடிக்கினு’ என்று நாம் அந்த அணியில் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

செய்முறை இதுதான். வாக்கியத்தைத் தமிழில், முடிந்தால் வீட்டுத் தமிழில், சொல்லுங்கள். கினு ஒட்டிய சொல்லைத் தனியே எடுங்கள். ஸ்பானிஷ் வினையின் ஈறு ‘ஆர்’ என்றால் அதை வெட்டிவிட்டு ‘ஆந்தோ’ போடுங்கள்: கமினார், கமினாந்தோ. ஈறு ‘ஏர்’ அல்லது ‘ஈர்’ என்றால் ‘இயெந்தோ’: கொர்ரேர், கொர்ரியெந்தோ. திசை வினையை முன்னால் வையுங்கள், ஆந்தோவைப் பின்னால் வையுங்கள். தமிழில் முன்னால் இருந்தது அங்கே பின்னால் போகும், அவ்வளவுதான் மாற்றம்.

திசை வினைகள் சிலவற்றை இறந்தகாலத்தில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்த்ரோ: நுழைந்தான். ஸலியோ: வெளியே போனான். ஸுபியோ: ஏறினான். பஹோ: இறங்கினான். க்ருஸோ: கடந்தான். போல்பியோ: திரும்பினான். யெகோ: வந்து சேர்ந்தான். ஸ்பானிஷில் அவனுக்கும் அவளுக்கும் வினை மாறாது. தமிழைவிட அங்கே வேலை குறைவு.

இப்போது கலந்து பாருங்கள். காட்பாடி ஜங்ஷனில் ஒருவன் படிக்கட்டில் ஓடி இறங்குகிறான்: ‘பஹோ லா எஸ்காலேரா கொர்ரியெந்தோ.’ ஆங்கிலத்தில் ரான் டவுன். லாங் பஜாரில் ரோட்டை ஓடிக் கடந்தான்: ‘க்ருஸோ லா காயே கொர்ரியெந்தோ.’ ஆங்கிலத்தில் ரான் அக்ராஸ். டவுன், அக்ராஸ் இரண்டும் ஸ்பானிஷில் வினையாகிவிட்டதைக் கவனியுங்கள். நடந்தே வந்து சேர்ந்தாள்: ‘யெகோ கமினாந்தோ.’

ஒரு விதிவிலக்கு. எல்லையைத் தாண்டாமல், ஒரு இடம் வரைக்கும் மட்டும் ஓடினால், ஓட்டமே முக்கிய வினையாக வரலாம். ‘ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன்’ என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அதேதான்: ‘கொர்ரீ அஸ்தா லா எஸ்தஸியோன்.’ நம் ‘வரைக்கும்’ அவர்களின் ‘அஸ்தா’. இங்கேயும் தமிழ்ப் புத்தியே போதும்.

ஐந்தாம் படி: ஆங்கிலத்தின் நூறு நடைகள்

ஆங்கில அகராதியைத் திறந்தால் நடைக்கு மட்டும் சொற்கள் கொட்டிக் கிடக்கும்: ட்ரட்ஜ், ப்ளாட், ஷஃபில், வாடில், ஸ்ட்ரட், ஸ்ட்ரைட், டாடில். ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷில் ஒரே சொல் தேடி உட்காராதீர்கள். கிடைத்தாலும் அது புத்தகத்தில் இருக்கும், தெருவில் இருக்காது.

தமிழ் என்ன செய்கிறது? நடையை ‘நட’ என்றே வைத்துக்கொண்டு முன்னால் ஒரு இரட்டைச் சொல் போடுகிறது. விறுவிறுன்னு நடந்தான், குடுகுடுன்னு ஓடினான், லொங்குலொங்குன்னு வந்தான். ஸ்பானிஷுக்கு இரட்டைச் சொல் வராது. அதற்குப் பதில் ‘அ’ என்ற ஒற்றை எழுத்தில் தொடங்கும் சின்னத் தொடர்களை வைத்திருக்கிறார்கள். நடந்து போவது ‘அ பியே’, அதாவது காலால். கை கால் ஊன்றித் தவழ்வது ‘அ காத்தாஸ்’. காத்தோ என்றால் பூனை, பூனை மாதிரி. எட்டி எட்டி வைத்து நடப்பது, ஆங்கில ஸ்ட்ரைட், ‘அ ஸன்க்காதாஸ்’. தடுக்கித் தடுமாறிக்கொண்டு போவது ‘அ த்ரோம்ப்பிக்கோனெஸ்’. கரண்ட் போனபோது சுவரைத் தடவித் தடவிப் போவது ‘அ தியென்த்தாஸ்’. அடித்துப் பிடித்து ஓடுவது ‘அ தோதா ப்ரீஸா’. ஆமை வேகம் ‘அ பாஸோ தெ தோர்த்தூகா’. ஆங்கிலம் இதற்கு நத்தையைத் தேடும், ஸ்பானிஷ்காரர்கள் நம்மைப் போல ஆமையைப் பிடித்திருக்கிறார்கள். சாயங்காலம் லாங் பஜாரில் டூவீலர் போகிற போக்குக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

தனி வினையாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சிலதான். நொண்டுவது ‘கொஹேயார்’. தள்ளாடுவது, அதாவது ஸ்டாகர், ‘தம்பலேயார்ஸே’. குழந்தை தவழ்வது ‘கத்தேயார்’, இதிலும் பூனைதான். இலக்கில்லாமல் சுற்றுவது, வாண்டர், ‘பகார்’. தெருத்தெருவாகச் சுற்றுவதற்கு அழகான சொல் ஒன்று: ‘காயெஹேயார்’. காயே என்றால் தெரு, தெருவையே வினையாக்கிவிட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிடுக்காக நடப்பது, ஸ்ட்ரட், ‘பபோனேயார்ஸே’. உள்ளே மயில் ஒளிந்திருக்கிறது. சத்தம் வராமல் நுனிக்காலில் நடப்பதற்கு ‘தெ பூன்த்தீயாஸ்’. ராத்திரி லேட்டாக வந்து அப்பா எழுந்துவிடக் கூடாதென்று நுழைந்தால்: ‘என்த்ரோ தெ பூன்த்தீயாஸ்.’ மார்ச் பற்றி ஒரு எச்சரிக்கை: ‘மர்ச்சார்’ அணிவகுத்து நடப்பது, கூடவே ‘ஸே’ ஒட்டி ‘மர்ச்சார்ஸே’ ஆனால் வெறுமனே கிளம்பிப் போவது.

ட்ரட்ஜ், ப்ளாட் போன்ற களைத்த நடைகளுக்குத் தனிச் சொல் தேடாமல் விளக்கிச் சொல்லிவிடுங்கள். காலை இழுத்துக்கினு நடந்தான்: ‘கமினாபா அர்ராஸ்த்ராந்தோ லோஸ் பியேஸ்.’ மறுபடியும் கினு வந்துவிட்டது.

ஆறாம் படி: தமிழ் காலை வாரும் இடம்

இவ்வளவு நேரம் தமிழை நம்புங்கள் என்றேன். இந்த ஒரு இடத்தில் நம்பாதீர்கள்.

யாரோ கூப்பிடுகிறார்கள். ‘இதோ வரேன்’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ஐ ஆம் கமிங். ஸ்பானிஷ்காரர் ‘இதோ போகிறேன்’ என்பார்: ‘யா போய்.’ அவர்களுக்கு ‘வா’ என்பது பேசுகிறவர் நிற்கும் இடத்தை நோக்கி வருவது மட்டும். நான் இருக்கும் இடத்திலிருந்து உங்களிடம் வருவது என் கணக்கில் போவதுதான். நினைவில் வைக்க ஒரு வசதி உண்டு: ‘போகிறேன்’ என்பதற்கான ஸ்பானிஷ் சொல் காதுக்கு நம் ‘போய்’ மாதிரியே விழும். முதல் எழுத்தை மட்டும் பஸ்ஸின் ப போல ஆரம்பியுங்கள். தற்செயல்தான், ஆனால் தானாகக் கிடைத்ததை ஏன் விட வேண்டும்?

‘யா பெங்கோ’, அதாவது ‘இதோ வருகிறேன்’, என்று லத்தீன் அமெரிக்காவில் சொன்னால் ‘கொஞ்சம் போயிட்டு வந்துடறேன்’ என்று அர்த்தம். கூப்பிட்டவரிடம் அதைச் சொன்னால் அவர் குழம்பிப் போவார்.

விடைபெறும்போதும் தமிழ் மனசு தடுக்கும். ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். ஸ்பானிஷில் ‘மே போய்’, நான் கிளம்பறேன், என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். அபசகுனம் எதுவும் இல்லை. கூட்டமாகக் கிளம்பினால் ‘பாமோனோஸ்’.

ஏழாம் படி: ரோட்டுக்கு வருவது

வண்டி ஓட்டுவதற்கு ஸ்பெயினில் ‘கொந்துஸீர்’, லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் ‘மனெஹார்’. வேக எல்லை ‘லீமித்தே தெ பெலோஸிதாத்’. ஸ்பெயினில் 2021 மே மாதத்திலிருந்து, ஊருக்குள் ஒரு பக்கத்துக்கு ஒரே தடம் உள்ள சாலைகளில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. எண்ணைச் சொல்லும்போது முன்னால் ‘அ’ வேண்டும்: ‘அ த்ரெயின்த்தா கிலோமெத்ரோஸ் போர் ஓரா.’

இந்தப் படியில் எனக்குப் பிடித்தது ஸ்பீட் பிரேக்கர். நாம் ஆங்கிலம் என்று நினைத்துச் சொல்லும் இந்தச் சொல் அமெரிக்காவில் எடுபடாது, அங்கே அது ஸ்பீட் பம்ப். ஸ்பானிஷில் நாட்டுக்கு ஒரு பெயர். மெக்சிகோவில் ‘தோப்பே’. அர்ஜென்டினாவில் ‘லோமோ தெ புர்ரோ’, கழுதை முதுகு. சிலியில் ‘லோமோ தெ தோரோ’, காளை முதுகு. பெருவில் ‘ரோம்ப்பெமுவெயெஸ்’, வண்டியின் ஸ்பிரிங்கை உடைப்பது என்று பொருள். பெயின்ட் அடிக்காமல் விட்ட நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்கள் சிலவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. கொலம்பியாவில் ‘போலிஸீயா அகோஸ்தாதோ’, படுத்துக்கிடக்கும் போலீஸ்காரர். இதில் எதை மனப்பாடம் செய்வது என்று கேட்டால், நீங்கள் பேசப் போகும் ஆள் எந்த நாடு என்று கேட்டுவிட்டு ஒன்றை மட்டும்.

எட்டாம் படி: கோட்டை அகழி ஓரம்

நோட்டில் எழுதிப் படித்தால் இது தங்காது. காலை ஆறு மணிக்கு வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக நடந்துபோய், கண்ணில் பட்டதையெல்லாம் வாய்க்குள் ஸ்பானிஷில் சொல்லுங்கள். யாரும் கவனிக்கமாட்டார்கள், பாதிப் பேர் காதில் ஹெட்செட்டோடு தனியாகப் பேசிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஒரு தாத்தா கம்பு ஊன்றிக்கினு மெதுவாக வருகிறார். ‘கமினா தெஸ்பாஸியோ’ என்று முதலில் பாதியைச் சொல்லுங்கள். மறுநாள் கம்பைச் சேருங்கள்: ‘அப்போயாந்தோஸே என் உன் பஸ்தோன்.’ ஒரு அம்மா போனில் பேசிக்கினே நடக்கிறார்: ‘கமினா அப்லாந்தோ போர் தெலேஃபோனோ.’ புல்லில் ஒரு குழந்தை தத்தித் தத்தி எழுந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் டாடில் என்று ஒரு சொல் போதும். ஸ்பானிஷில் ‘தா ஸுஸ் ப்ரிமேரோஸ் பாஸோஸ்’, தன் முதல் அடிகளை வைக்கிறது.

திரும்பும்போது பஸ் நிறுத்தம் பக்கம் நில்லுங்கள். பையை மாட்டிக்கொண்டு ஒரு பையன் ரோட்டை ஓடிக் கடப்பான். கைகாட்டுவான். பஸ் நிற்காது. இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘க்ருஸோ லா காயே கொர்ரியெந்தோ. பெர்தியோ எல் அவுத்தோபூஸ். போல்பியோ கமினாந்தோ.’ ரோட்டை ஓடிக் கடந்தான். பஸ்ஸை விட்டுட்டான். நடந்துகினே திரும்பினான்.